சர்வர் திணறிய காலைகள்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். நோயாளிகளின் விவரமெல்லாம் மாடிப்படிக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில், ஒரே சர்வரில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் அது தினமும் காலை ஒன்பது மணிக்குத் திணற ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் ஆலங்குடிப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் பதிவு கவுன்ட்டரில் வரிசையாக நிற்பார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அக்கா போன் நம்பரைத் தட்டுவார். திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும்.

"ஒரு சீட்டுப் போட இம்புட்டு நேரமா? வேலை தெரியாட்டி எந்திரிச்சுப் போம்மா!"

வரிசையில் நிற்பவர்களின் திட்டு முழுக்க அவருக்குத்தான். ஒருநாள் மேலாளரே எல்லார் முன்னாலும், "வேகமா டைப் பண்ணத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திரும்பிச் சர்வர் அறைக்குப் போய்விட்டேன்.

செய்யாத வேலையில்லை. மெமரியைக் கூட்டினேன். பழைய பதிவுகளை வேறு இடத்துக்கு மாற்றினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மூன்றாம் நாள் பழைய கதைதான். கண்ணை மூடினாலும் சர்வரின் சுமையைக் காட்டும் கிராஃப் கோடுதான் ஏறியது.

கடைசியில் ஒரு காலை, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். சர்வரிடம் யார் என்ன கேட்கிறார்கள், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். முதலிடத்தில் அக்காவின் தேடல் இல்லை. டாக்டர் அறை வாசல்களில் டோக்கன் எண் காட்டும் டிவிகள்தான் இருந்தன. அவற்றை ஓட்டும் நிரலை எழுதியது நான். இன்றைய டோக்கனைக் கண்டுபிடிக்க, அது மருத்துவமனை திறந்த நாள் முதலான அத்தனை பதிவுகளையும் படித்துக்கொண்டிருந்தது, ஐந்து நொடிக்கு ஒருமுறை. ஹாலில் ஒரே டிவி இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. மழைக்கு முன்னால் அறைக்கு ஒன்றாக ஆறு டிவி மாட்டினார்கள். காலை ஒன்பதுக்குத்தான் அவற்றைப் போடுவார்கள்.

எங்கெங்கோ தேடினேன், நான் எழுதியதை மட்டும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

தேதியை வைத்து நேராகத் தேடியெடுக்க ஒரு இன்டெக்ஸ் போட்டு, இன்றைய பதிவை மட்டும் படிக்கும்படி மாற்றினேன். கால்மணி நேர வேலை. அக்கா நம்பரைத் தட்டி முடிக்குமுன் பெயர் வந்து நின்றது.

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான்" என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் மேல இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு மேனேஜர் கேட்டப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மறுநாள் ஊழியர் கூட்டத்தில், தப்பு என்னுடையதுதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மேலாளர், "இப்ப ஓடுதுல்ல, விடுங்க" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அக்கா அங்கே இல்லை. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். போன் பண்ணலாமா என்று ஒருமுறை எடுத்தேன். ஓய்வெடுக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.