தகரம் அடித்த கேட்டில் எங்கள் பெயர்

ஓசூருக்குக் குடிவந்த புதிதில், காலையில் காதில் விழும் முதல் சொல்லே என்னைத் திடுக்கிட வைக்கும். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா நாகம்மா மாடியை அண்ணாந்து பார்த்து, "செட்டு பாகுந்தாம்மா?" என்பார். ராமநாதபுரத்துக் காதுக்கு அது 'செத்து' என்றுதான் விழுந்தது. யார் செத்தது என்று பதறி எட்டிப் பார்த்தால், என் பெயின்ட் வாளியில் இருக்கும் தக்காளிச் செடியைக் காட்டிச் சிரிப்பார். தெலுங்கில் செட்டு என்றால் செடியாம்; செடி நல்லா இருக்கா என்று கேட்கிறாராம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கை. கொரோனா பேச்சாகவே கிடந்த நாட்களில் விடிந்ததும் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

என் கணவர் முருகேசன் இங்கே ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நான் பெங்களூர்க் கடைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பேன். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கல்யாண ரவிக்கைகளில் பூவும் மயிலும் போடும் வேலை. ஊரடங்கு வந்ததும் இரண்டும் நின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் பைக்கிலேயே ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மா போனில் அழுதாள். "அங்க யாரு இருக்கா உங்களுக்கு? வந்துருங்கத்தா." நாங்கள் போகவில்லை. எங்கள் ஊரில் ஒரு செடி வைப்பதென்றால் குடத்தில் மிஞ்சும் தண்ணீரைப் பார்த்துத்தான் வைப்போம். அதுவும் உப்புத் தண்ணீர். இங்கே வாளியில் போட்ட விதையெல்லாம் முளைத்தது. முளைத்ததை விட்டுவிட்டு எங்கே போவது?

கம்பெனி மறுபடி திறந்த சில வாரங்களில் முருகேசனுக்குக் காய்ச்சல் கண்டது. தொற்று என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்து சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனது. அன்று மாலையே கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, குறுக்கே தகரம் அடித்துவிட்டார்கள். நானும் மகள் கவிதாவும் மாடியில், நாகம்மா கீழே. நோய்க்காக அடைத்ததை நான் குறை சொல்லவில்லை. அடுத்த நாள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் தகரத்துக்கு வெளியே நின்று பேசிய பேச்சைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

"வெளியூர்க்காரங்களுக்கு வீடு குடுத்தா இப்பிடித்தான் நாகம்மாக்கா," என்றார் எதிர்வீட்டு வெங்கடேஷ். "தகரம் எடுத்ததும் காலி பண்ணச் சொல்லுங்க. எல்லாம் சரியான மேல வரட்டும்."

நாகம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மாடிச் சுவரோரம் வந்து நின்றேன். "அண்ணே, இந்த ஊர்ல வேலைக்குப் போயி வாங்கின நோவு இது. ராமநாதபுரத்துலருந்து மூட்டை கட்டிட்டு வரல. காலி பண்ண மாட்டோம்." என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மதியம் போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, மையத்திலிருந்த முருகேசனை வீடியோவில் அழைத்து மூவரும் சேர்ந்தே சாப்பிட்டோம். வாளியில் பறித்த அரைக்கீரைக் கடைசல். அவருக்கு வாசனையும் ருசியும் போயிருந்தது. "எப்பிடி இருக்குன்னு சொல்லுங்க, கேட்டுக்கிட்டே சாப்புடுறேன்," என்றார்.

"பூண்டு தூக்கலா இருக்குப்பா," என்றாள் கவிதா. "அம்மா கோவத்துல உப்ப அள்ளிப் போட்டுருச்சு."

கை கழுவியதும் ஆரிச் சட்டத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினேன். ரவிக்கைக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு நூலில், 'முருகேசன், சாந்தி, கவிதா. இங்கே குடியிருக்கிறோம்' என்று போட்டேன். மயில் போட்டுப் பழகிய கைக்கு எழுத்து கோணலாகத்தான் வந்தது. விடிந்ததும் கீழே இறங்கி, தெருவுக்குத் தெரியும்படி அதைத் தகரத்தின்மேல் கட்டினேன். திரும்பினால் நாகம்மா நிற்கிறார். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிகிறது. துணியை நோக்கிக் கையை நீட்டி, "நா பேரு கூடா குட்டு," என்றார்.

தலையில் குட்டு விழப்போகிறது என்றே நினைத்தேன். "அவுக்க மாட்டேம்மா," என்றேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஊசியால் தைப்பதுபோல் விரலை ஆட்டிக் காட்டினார். "என் பேரும் தைச்சுப் போடும்மா! வீடு என்னுது. யாரு இருக்கணும்னு அவங்களா சொல்றது?"

தெலுங்கில் குட்டு என்றால் தையல். துணியை எடுத்துப்போய் எங்கள் மூவருக்கும் மேலே 'நாகம்மா' என்று தைத்துக் கொண்டுவந்து மறுபடி கட்டினேன். அழுதுகொண்டே தைத்தேன் என்பதை மறைக்கவில்லை.

முருகேசன் நல்லபடியாகத் திரும்பினார். தகரம் பிரிக்க வந்தவர்கள் துணியையும் அவிழ்க்கப் போனபோது நாகம்மா விடவில்லை. வெங்கடேஷ் வெகுநாள் எங்களுக்கு முகம் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம், அந்தப் பேச்சை மட்டும் இருவருமே எடுப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது, அம்மா வீட்டு முருங்கையில் ஒரு போத்து வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து மாடியில் டிரம்மில் நட்டேன். தழைத்துக் கிடக்கிறது, காய்க்கத்தான் இல்லை. "அந்தக் குளுருக்கு அது காய்க்காது, புடுங்கிப் போட்டுருத்தா," என்கிறாள் அம்மா. பிடுங்க மாட்டேன். வாரம் தவறாமல் கீரை உருவுகிறேன். பாதி, கீழே நாகம்மாவின் ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறாகிறது. மீதி, அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டோடு என் சட்டியில் கொதிக்கிறது.