ஃபிலெமோனின் கத்தரிக்கோல்

பானையின் மூடியைத் திறக்கவே மாட்டார் ஃபிலெமோன். குனிந்து, காதை அதன் பக்கம் கொண்டுபோய்க் கேட்பார். "தொறந்தா சூடு ஓடிடும். அதுவே பேசும், கேட்டா போதும்." ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிறு தீயில் ஏறிய பன்றித் தோள்கறி, பன்னிரண்டு மணிக்கு அவரிடம் என்ன பேசுமோ தெரியாது. அதன் மணம் மட்டும் சுவரைத் தாண்டி வந்து என்னைக் கையைப் பிடித்து இழுக்கும். பதினோரு வருடமாக நான் அடுத்த வீட்டுக்காரன். வெட்கத்தை என்றோ விட்டுவிட்டேன்.

மெக்சிகோவின் ஒஹாக்காவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தவருக்கு வேலை கிடைத்தது ஒரு கொரிய உணவகத்தில். பதினேழு வருடம் ஆயிற்று. ஆங்கிலத்தில் இன்றும் தடுமாறுவார். கொரிய மொழியில் மீன்காரரோடு சண்டையே போடுவார். முதலாளியம்மா போனில் கூப்பிட்டால், வீட்டுச் சமையலறையில் நின்றபடி போனுக்கே இடுப்பை வளைத்து வணக்கம் வைப்பார். மனைவி எலோடியா பின்னால் நின்று அதேபோல் வளைந்து காட்டுவாள்.

அவர் கறியும் அப்படித்தான். ஆரஞ்சுச் சாறு, பூண்டு, பிரிஞ்சி இலை எல்லாம் சொந்த ஊர்ப் பக்குவம். அதன் தலையில் இரண்டு கரண்டி கொரிய மிளகாய் விழுதும், கிம்ச்சி என்கிற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயின் புளித்த தண்ணீர் ஒரு குவளையும் விழும். வெந்த கறியைச் சோள ரொட்டியில் வைத்து டாக்கோவாக மடிக்குமுன் துண்டு போடுவது கத்தியால் அல்ல, மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் கத்தரிக்கோலால். கொரிய உணவகத்தில் மேசை மேசையாகக் கறியைக் கத்தரித்துப் பழகிய கை.

"ஏங்க, இது அடுப்படியா, தையக்கடையா?" என்பாள் எலோடியா.

"தையக்கடைல இந்த வாசனை வருமாடி?"

ஆகஸ்டில் அவருடைய ஊர்க்காரர்கள் பூங்காவில் கூடி, ஊர்ப் புனிதருக்குத் திருவிழா எடுப்பார்கள். அங்கே ஒரு பானையாவது தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது ஃபிலெமோனின் ஆசை. விழாக் குழுத் தலைவரோ எலோடியாவின் அண்ணன் அபுந்தியோ. "கொரியாக்காரன் கறியக் கொண்டுபோய் நம்ம சாமி முன்னால வைக்கிறதா?" என்று இரண்டு வருடம் தட்டிக்கழித்தார். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார் ஃபிலெமோன். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு டாக்கோவைக்கூடத் தொடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. இருந்தும் நான் நான்கு சாப்பிட்டேன்.

போன ஞாயிறு அபுந்தியோ வந்தார். "தின்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கத்தரிக்கோல் கண்ணில் பட்டது.

"மாப்ள, என்னை எதுக்குக் கூப்பிட்ட? கறி திங்கவா, முடி வெட்டிக்கவா?"

"தொப்பியைக் கழட்டுங்க மச்சான், ரெண்டையும் முடிச்சிடலாம்."

முதல் டாக்கோவுக்கு அபுந்தியோவின் முகம் அசையவில்லை. இரண்டாவதற்கு வெங்காயம் போதாது என்றார். மூன்றாவதில் பேச்சு நின்றது. நான்காவதில் தொப்பி மேசைக்கு வந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. ஃபிலெமோன் இருப்புக்கொள்ளாமல், அடுப்பை அணைத்து அரைமணி ஆன பானையிடம் காதைக் கொண்டுபோனார்.

"ஏண்ணே, வாயத் தொறந்து சொல்லேன்!" என்றாள் எலோடியா.

வாய் நிறைந்திருந்தது அண்ணனுக்கு. மென்று விழுங்கினார். எழுந்துபோய்ப் பானையிலிருந்த கடைசிப் பெரிய துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"பூங்காவுக்கு இந்தப் பானை ஒண்ணு பத்தாது மாப்ள" என்று சொல்லி, ஃபிலெமோனின் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கி, தானே கத்தரிக்கத் தொடங்கினார்.