எஞ்சினுக்குள் போன என் கை

கல்யாணமாகி ரங்கூனில் நாங்கள் தனிக்குடித்தனம் தொடங்கிய இரண்டாம் வருஷம், ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் நாற்றத்தோடு வீடு வந்து சேர்ந்தார். சின்ன வயதில் மாதாமாதம் மூக்கைப் பிடித்து எனக்குப் புகட்டிய எண்ணெய் அது. வாடை அடித்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"யாருக்கு வயிறு சரியில்ல?" என்று கேட்டேன்.

"ஒரு எஞ்சினுக்கு" என்றார்.

அவர் பஸுண்டாங் ஓடைக்கரையில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் பிட்டர். கெமண்டைனில் அரிசி மில் வைத்திருந்த ஒரு பர்மாக்காரருடைய படகுகள் அந்தப் பட்டறைக்குத்தான் வரும். அந்த மில்காரர் கல்கத்தாவில் விமானம் ஓட்டப் பழகி, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றைப் பழையதாக விலைக்கு வாங்கி வந்திருந்தார். இன்சின் என்ற ஊரைத் தாண்டி மாவ்பி போகும் வழியில், அறுப்பு முடிந்த வயலோரம் ஒரு நெல் கொட்டகையில் அதை நிறுத்தியிருந்தார். நாங்கள் அவரை 'ஸயா' என்போம். பர்மாவில் மரியாதைக்குரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவது.

ஸயாவுக்குத் தன் எஞ்சினைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரக்காரர். பழைய சொந்தக்காரர் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றி ஓட்டியிருந்தார், அந்தக் காலத்து விமானங்களில் அது வழக்கம். எண்ணெய் குறைந்ததும் ஸயா மோட்டார் காருக்கு ஊற்றும் எண்ணெயை அதன் மேலேயே ஊற்றிவிட்டார். இரண்டும் சேராது. சூட்டில் திரிந்து பிசின் மாதிரி ஆகி, எண்ணெய் போகிற துவாரங்களை அடைத்துக்கொண்டது. எஞ்சின் உள்ளே 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் என் கணவரைக் கூப்பிட்டனுப்பினார்.

அடுத்த ஞாயிறு போனவர், வலது கையைத் துண்டில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஸயாவே காரில் கூட்டி வந்தார். இரண்டு பேர் முகத்திலும் ரத்தமில்லை.

நடந்தது இதுதான். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பது மேக்னெட்டோ என்கிற பெட்டி. சுவிட்சை அணைத்தால் ஒரு கம்பி வழியாக அதன் சக்தி எஞ்சினின் உடம்புக்குள் இறங்கிச் செத்துப்போகும். ஸயா அந்தக் கம்பியைத் துடைப்பதற்காகக் கழற்றினவர், திரும்ப மாட்ட மறந்துவிட்டார். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி என் கணவர் முன்பக்கத்து விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறார். எஞ்சின் ஒரே ஒரு தரம் உதைத்தது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

"தலையில பட்டிருந்தா?" என்றேன்.

"படல இல்ல, அதோட விடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து சட்டைப் பொத்தான் போடுவது, தலை வாருவது, சோறு பிசைந்து கொடுப்பது எல்லாம் நான்தான். முதல் இரண்டு நாள் அவருக்கு வெட்கம். சுவரைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பார். பிறகு பழகிப்போய், "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்க ஆரம்பித்தார். ஆனால் ராத்திரி படுக்கையில் இடது கையால் கட்டுப் போட்ட விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பதை நான் கவனித்தேன். கை வராமல் போய்விட்டால் பிழைப்பு என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸயா பட்டறைச் சம்பளம் குறையாமல் பார்த்துக்கொண்டார். எஞ்சினை விமானத்திலிருந்து இறக்கி லாரியில் ஏற்றித் தன் வீட்டுக் கார் கொட்டகைக்குக் கொண்டுவந்து வைத்தார். "உன் கை தேறட்டும். அப்புறம் பிரிக்கலாம்" என்றார்.

"ஆகாது ஸயா. பாதி திறந்து கிடக்குது. இந்த ஊர்க் காத்துல அதுக்குள்ள துரு ஏறிடும்" என்றார் என் கணவர்.

"வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

 புதிதாக வருகிறவன் எதை எங்கே வைப்பானோ என்ற கவலை என் கணவர் முகத்தில் தெரிந்தது. "நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்" என்றேன் நான். எனக்கே எப்படி அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது. வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்து பொத்தான் போட்டுப் போட்டு, அவர் கை என் கை என்ற வித்தியாசம் போய்விட்டிருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் சிரித்தார். பிறகு என் கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "சின்னக் கை. உள்ள போகும்" என்றார்.

ஸயாவின் மனைவியை நான் அமா என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை ஞீமா என்பார், தங்கச்சி. த்வாண்டேயில் பிறந்தவர். அந்த ஊர் மண்சட்டிகளை வீடு நிறைய வைத்திருந்தார். எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருடைய சாமான் இன்னொன்றோடு கலந்தால் போச்சு, தேய்ந்த இடம் தேய்ந்த இடத்தோடு பொருந்தாது என்று என் கணவர் சொன்னதும், அமா போய் நாலு அகலச் சட்டி கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டினேன்.

தினம் காலையில் சமைத்து வைத்துவிட்டு டிராமில் கெமண்டைன் போவோம். அவர் முக்காலியில் உட்காருவார். நானும் ஸயாவும் தரையில். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிசினை வழித்தோம். துவாரத்தைக் குத்த நான் கொண்டையூசியை எடுத்தபோது, "இரும்பு வேண்டாம் புள்ள, கீறிடும்" என்று என் கணவர் தடுத்தார். மூங்கில் சீவல் சீவி வைத்துக்கொண்டேன். ஸயாவும் நல்ல மாணவர்போல் கேட்டுக்கொள்வார், பத்து நிமிஷத்தில் பொறுமை போய், "இது போதாதா?" என்பார். போதாது என்று நான் துவாரத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவேன்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது நட்டு முடுக்குவதுதான். எவ்வளவு இறுக்குவது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. என் கணவருடைய கை தானாக அறிந்திருந்த விஷயம் அது. அவரால் சொல்லித்தர முடியவில்லை. கடைசியில் எனக்குப் பின்னால் மண்டியிட்டு, ஸ்பேனரைப் பிடித்த என் கை மேல் தன் இடது கையை வைத்தார். மெல்ல இழுத்தோம். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. "இங்க. தெரியுதா?"

"தெரியல."

மறுபடி. மறுபடி. மூன்றாவது நட்டில் அவர் சொல்வதற்கு முன்பே என் கை நின்றது. அவர் என் உச்சந்தலையில் முகவாயை ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தார். ஸயா அந்தப் பக்கம் திரும்பிச் சுருட்டு பற்றவைத்துக்கொண்டார்.

அந்த நட்டுகள் கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு சின்னப் பின் செருகி, இரண்டு கால்களையும் விரித்து மடக்க வேண்டும். எஞ்சினின் அடிவயிற்றில், பிஸ்டன் தண்டைப் பிடித்திருக்கும் இடத்தில் அந்தப் பின்கள்தான் காவல். ஒரு தரம் மடக்கிக் கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. புதியவை கல்கத்தாவிலிருந்து கப்பலில் வர வேண்டும். ரங்கூன் மோட்டார் கடைகளில் கிடைத்தவை கொஞ்சம் பருமன், துவாரத்தில் நுழையவில்லை.

ஸயாவுக்குப் பர்மிய வருஷப் பிறப்புத் தண்ணீர்த் திருவிழாவுக்குள் பறந்தாக வேண்டும். அமாவை ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி த்வாண்டே மேல் சுற்றி வர வேண்டும் என்பது அவர் கனவு. "பழையதையே நிமிர்த்திப் போடுவோம். இரும்புதானே, என்ன ஆகும்?" என்றார்.

என் கணவருக்கு அன்று கட்டுக்குள் வீங்கி ஒரே வலி. கண்ணை மூடியபடியே, "சரி, போடு" என்றார். ஸயா நிமிர்த்திக் கொடுத்தார், நான் செருகி மடக்கினேன்.

எஞ்சினைத் திரும்ப விமானத்தில் ஏற்றி ஓடவிட்டபோது வயலில் எல்லோரும் கை தட்டினார்கள். எஞ்சினுக்குள் பழைய 'டக் டக்' சத்தமே இல்லை. ஓடவிடும் முன்பே மேக்னெட்டோ கம்பி மாட்டியிருக்கிறதா என்று நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். பெட்ரோலைத் தண்ணீர் சேராமல் இருக்க மெல்லிய ஆட்டுத்தோலில் வடிகட்டித்தான் ஊற்றினோம். ஸயா தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கி, "அடுத்தது நீ" என்று அமாவைப் பார்த்துச் சிரித்தார்.

அமா தலையில் பட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கோடு கோடாக வழிந்தது. இறக்கைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டார்.

"ஞீமா, உள்ளே எல்லாம் உன் கையால் வைத்தது. நீயாக இருந்தால் ஏறுவியா?"

நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சட்டிகள் கலக்கவில்லை. துவாரங்கள் சுத்தம். நட்டுகள் சரி. பின்களுக்கு வந்தபோது மனசு மேலே போகவில்லை. என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வேண்டாம் அமா" என்றேன்.

அமா அப்போதே தலைத்துணியை அவிழ்த்துவிட்டார். ஸயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இப்போதுதானே பறந்தேன்? கடிகாரம் மாதிரி ஓடுதே! மறுபடி இறக்கிப் பிரித்தால் திருவிழா போய்விடும்" என்று சத்தம் போட்டார். கூடியிருந்த ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். 

என் கணவர் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "அவ மடக்கின பின்னு ஸயா. அவளுக்கு மனசு ஒப்பலன்னா பிரிச்சிடுவோம். எனக்கும் அன்னிக்கே ஒப்பல. வலியில சரின்னுட்டேன்" என்றார்.

ஸயா திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

கல்கத்தாவிலிருந்து புதிய பின்கள் கப்பலில் வருவதற்குள் திருவிழா வந்து போயிற்று. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள். எங்கள் வாசலில் என் கணவர் மாவுக்கட்டை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸயா எங்களைக் கூப்பிடவில்லை. நட்பு முறிந்தது என்றே நினைத்தேன்.

புதிய பின்கள் வந்த அன்று அவரே கார் எடுத்துக்கொண்டு வந்தார். வயலிலேயே அடிமூடியைக் கழற்றினோம். பழைய பின் ஒன்றை நான் மடிப்பைத் தளர்த்தி உருவிக் கொடுக்க, ஸயா வழக்கம்போல் அதன் காலை விரலால் நிமிர்த்தினார். 'சடக்' என்றது. கால் தனியாக அவர் உள்ளங்கையில் கிடந்தது. இன்னொன்றை நிமிர்த்தினார். அது முறியவில்லை. மூன்றாவது முறிந்தது.

அந்தப் பின்கள் ஆற்றுக்கு மேலே முறிந்திருக்குமா, இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்குமா, யாரால் சொல்ல முடியும்? என் கணவர் அப்படித்தான் சொன்னார். ஆனால் ஸயா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே, "அவளை ஏற்றியிருப்பேன்" என்றார். அமா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த துண்டுகளை எடுத்து வயலில் வீசிவிட்டார்.

மழை தொடங்குவதற்கு முன்பு ஒரு தெளிந்த காலையில் ஸயாவும் அமாவும் பறந்தார்கள். போய்த் திரும்பும் வரை நானும் என் கணவரும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். இறங்கியபோது அமாவுக்குக் கண்ணெல்லாம் நீர், காற்றால் என்று சொன்னார். த்வாண்டேயில் சட்டிகள் காயப்போட்ட முற்றங்கள் தெரிந்ததாம், தன் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாளாம். ஒரு கூச்சல் போட்டேன், அவளுக்குக் கேட்டிருக்காது என்றார்.

பிறகு என்னை ஏறச் சொன்னார்கள். என் கணவர் இடது கையால் எனக்கு வார் மாட்டிவிட்டார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ஷ்வேடகோன் புத்தர் கோயில் கோபுரம் வெயிலில் பளபளத்தது, ஓடைக்கரை நூல்போல் கிடந்தது என்றெல்லாம் நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே சீராக ஓடியது.

இறங்கி ரயிலுக்கு நடக்கும்போது, "கீழ நிக்கிறப்ப பயமா இருந்துதா?" என்று கேட்டேன்.

"நீ போய்க்கிட்டே இருந்த. புள்ளி மாதிரி ஆயிட்ட. அப்புறம் புள்ளியும் தெரியல" என்றார்.  அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி தெருவில் கை கோத்து நடப்பது கிடையாது. ஸ்டேஷன் வரும் வரை அவர் என் கையை விடவில்லை.