கம்பெனி வேனில் ஓடிய பேய்ப்படம்

தீபாவளி முடிந்து அடுத்து வருகிற வாரம் இருக்கிறதே, அப்படி ஒரு வாரத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. நான் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். ஊரெல்லாம் பலகாரம் தின்ற களைப்பில் தூங்கும்போது எங்களிடம்தான் கண்ணில் பொறி பட்ட பிள்ளைகளும், கையிலேயே வைத்து வெடித்துக் காட்டிய வீராதி வீரர்களும் வந்து சேருவார்கள். கட்டுப் பிரித்து, கட்டுப் போட்டு, மறுபடி பிரித்து, வீட்டுக்கு வரும்போது என் கை என்னுடையதாகவே இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம், சாத்தூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்த நேரத்தில் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

“அம்மா, ஹாலோவீனுக்கு ஒரு பேய்ப்படம் சொல்லும்மா. பழைய படமா இருக்கணும். பயமும் வரணும், சிரிப்பும் வரணும்.”

“பேயப் பாக்கணும்னா இங்கன வா. என் மூஞ்சியப் பாத்தாலே போதும்,” என்றேன்.

அவள் விடுகிற ஆளா? ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பார்களாம். ஒவ்வொரு வருஷமும் ஒருவர் தங்கள் ஊர்ப்படம் ஒன்றைச் சிபாரிசு செய்ய வேண்டுமாம். இந்த வருஷம் இவள் முறை. வெள்ளைக்காரர்கள் பேய்வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்குகிற நாள் நமக்கு எதற்கு என்று கேட்டிருக்கலாம். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் காதில் விழுந்தால் பூசையிலேயே வறுத்தெடுத்துவிடுவார், செத்தவர்களை நினைக்கக் கல்லறைத் திருநாள் போதாதா என்பார். எனக்குச் சாமியாரோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை, மகளோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை. “உங்க அப்பாட்ட கேளு,” என்று சொல்லிப் போனைக் கட்டிலில் படுத்திருந்தவரிடம் நீட்டினேன். அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தாலும் நல்லதுதானே.

என் வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்று எல்லாவற்றையும் சலித்து, அளவாகச் சேர்த்துக் கொடுக்கிற வேலை. வெயில் ஏறும் முன்னே முடித்துவிட வேண்டும். அவரும் அவருடைய கூட்டாளியும் எப்போதும் ஒரே அறையில்தான் நிற்பார்கள். இந்த ஆடி மாதம் ஒரு காலையில் இவர் குடிதண்ணீர் எடுக்க வெளியே வந்தார். திரும்பிப் பார்த்தபோது அறை இல்லை. கூட்டாளி உள்ளே இருந்தார்.

அன்றைக்கு மூடின கம்பெனிக்கு இப்போது அனுமதி வந்துவிட்டது. அடுத்த வாரம் பூஜை போட்டுத் திறக்கிறார்கள். ஃபோர்மேன் கூப்பிட்டார், இவரும் “வாரேண்ணே” என்று சொல்லிவிட்டார். அவர் மறுபடி அந்த வேலைக்குப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அம்புட்டுதான். அழுது பார்த்தேன், கத்திப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். “எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு,” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் வார்டில் என்னென்ன பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஒரு கட்டத்தில் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மகள் கேட்டதும் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “நம்ம வேன் படத்தச் சொல்லு தாயி! அத விட்டா வேற எந்தப் படம் இருக்கு?” என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பாழடைந்த ஜமீன் பங்களா. அங்கே சமையல்காரியாக இருந்து செத்துப்போன அம்மாள் ஒருத்தி பேயாக அலைகிறாள். கழுத்தைத் திருகுகிற பேய் இல்லை. வந்தவர்களை உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுகிற பேய். “இன்னுங் கொஞ்சம்” என்று வைத்துக்கொண்டே இருப்பாள். போதும் என்று யாராவது இலையை மடக்கினால் முடிந்தது கதை, அவனும் பேயாகிப் பந்தி பரிமாற வேண்டியதுதான். திருட வந்த இரண்டு பேர், ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை, அவளிடம் மாட்டிக்கொண்டு தின்கிறார்கள், தின்கிறார்கள், தின்றுகொண்டே இருக்கிறார்கள். படம் வந்தபோது தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லையாம். அந்தப் படத்தை வாழவைத்தது ஏழாயிரம்பண்ணைக்கும் தாயில்பட்டிக்கும் ஆள் ஏற்றிப் போகிற வேன்கள்தான்.

இவர்கள் வேன் டிரைவர் தலைக்கு மேல் ஒரு டி.வி. மாட்டி வைத்திருந்தார். கையில் இருந்தது அந்த ஒரு படத்தின் டிஸ்க். காலையில் போகும்போது முதல் பாதி, சாயங்காலம் திரும்பும்போது மறுபாதி. வருஷக்கணக்கில் இதே பாடு. வேனில் வந்த அத்தனை பேருக்கும் வசனம் மனப்பாடம். பேக்கிங் ஷெட்டில் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்தாலே, “போதும்னு சொல்லிராத, சொன்னா செத்த!” என்று ஆரம்பித்துவிடுவார்களாம். பேய் வேஷத்துக்கு இவருடைய கூட்டாளிதான். முந்தானை மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு, குரலை மெல்லிசாக்கி, எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அடுப்படியில் நின்று கரண்டியோடு, “தங்கச்சி, இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?” என்பார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும்.

படத்தில் ஓர் இடம் உண்டு. குட்டைத் திருடன் பங்களாவின் நிலவறைக்குள் நுழைவான். அடுத்த நொடி மூஞ்சியெல்லாம் கரியாக, தலைமயிர் நட்டுக்கொண்டு வெளியே வந்து நின்று, இருமிவிட்டு, “பெருங்காயம் கூடிப்போச்சு” என்பான். வேனே குலுங்குமாம். நடுவில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த இடம் வந்ததும் டிரைவர் கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவார். கேட்டால், “டிஸ்க்குல கீறல், அங்கன தட்டுது,” என்பார். கூட்டாளி அதற்கும் ஒரு கதை கட்டிவிட்டார். “பேய் கரிச்சட்டியத் தூக்கி அவன் தலையில கவுத்திருச்சுலே!” எல்லோரும் அதையே நம்பினார்கள். டி.வி.யில் எப்போதாவது போட்டால்கூட நாங்கள் பார்த்ததில்லை. மனப்பாடமான படத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

“தைரியமாப் பாரு தாயி,” என்று மகளிடம் சொன்னார். “ரத்தம் கிடையாது, தீ கிடையாது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.”

அவள் எங்கேயோ தேடி அந்தப் படத்தை இன்டர்நெட்டில் பிடித்துவிட்டாள். ஹாலோவீன் அன்று மத்தியானம் லீவு போட்டுவிட்டு, “சாயங்காலம் ஆபீஸ்ல போடுறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் பாத்துருவோம்ப்பா. நீங்க டி.வி.ல போடுங்க, நான் இங்க போடுறேன், போன் ஆன்லயே இருக்கட்டும்,” என்றாள். வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அன்று வார ஓய்வு. துணி மலையாகக் குவிந்திருந்தது, துவைத்தாலும் காயாது என்று விட்டுவிட்டு, மிச்சமிருந்த முறுக்கோடு நானும் உட்கார்ந்தேன்.

அவர் கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டார். நடிகர்கள் வாயைத் திறக்கும் முன்னே இவர் வசனத்தைச் சொல்லிவிடுவார். மகள் அந்தப் பக்கம் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். பேய் இரண்டாவது முறை சோறு வைத்தபோது இவரும் வாய்விட்டுச் சிரித்தார். ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிரிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார் என்றால் அடுத்த வாரம் வேனிலும் ஏறிவிடுவாரே.

குட்டைத் திருடன் நிலவறைக்குள் இறங்கினான். இங்கே டிரைவர் இல்லை, பொத்தானை அமுக்க ஆளில்லை. படம் நிற்காமல் ஓடியது.

உள்ளே ஒரே இருட்டு. வரிசையாக ஜாடிகள். ஜமீன்தார் வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கி மருந்து. அவனுக்கு அது தெரியாது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சமையல்காரப் பேய் இடித்து வைத்த எள்ளுப்பொடி என்று நினைத்துக்கொள்கிறான். இட்லிக்குத் தொட்டுக்கலாம் என்று சப்புக்கொட்டுகிறான். நல்ல எள்ளுதானா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுக்கிறான்.

“ஏலே, வேண்டாம்லே,” என்றார் என் வீட்டுக்காரர். டி.வி.யைப் பார்த்து, நிஜ மனிதனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். அவர் உள்ளங்கை தானாகத் தரையில் பதிந்தது. மருந்து அறைக்குள் போகும் முன்னே வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொடுவார்கள், உடம்பிலிருக்கிற மின்சாரம் இறங்கிப்போவதற்காக. அந்தப் பழக்கம். அவசர அவசரமாக ரிமோட் எங்கே என்று தேடினேன், முறுக்குத் தட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது, என் கண்ணுக்குப் படவில்லை.

திருடன் தீக்குச்சியைக் கிழித்தான். டமார் என்று ஒரு சத்தம், பின்னாலேயே கோமாளித்தனமாக ஒரு ஊதல் சத்தம். புகைக்குள்ளிருந்து அவன் நடந்து வந்தான். கரிமூஞ்சி, நட்டுக்கொண்ட தலைமயிர், காதுகளிலிருந்து புகை. இருமிவிட்டு, “பெருங்காயம் கூடிப்போச்சு,” என்றான். போனில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் பழக்கதோஷத்தில் சிரிப்பு வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

இவர் சிரிக்கவில்லை. “பின்னாடி ஓட்டு,” என்றார்.

“வேண்டாங்க,” என்றேன்.

“ஓட்டுங்கேன்ல.”

ஓட்டினேன். மறுபடி நிலவறை, தீக்குச்சி, டமார், கரிமூஞ்சி. “இன்னொருக்கா,” என்றார். மகளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்திருக்கிறது. “அப்பா, போதும்ப்பா, நிறுத்துங்கப்பா,” என்று கெஞ்ச ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை கரிமூஞ்சி வெளியே வந்தபோது இவர் எழுந்து டி.வி.க்குக் கிட்டத்தில் போய் நின்றார்.

“இப்படி எந்திருச்சு வந்திருக்கக் கூடாதாலே,” என்றார். “மூஞ்சியில கரியப் பூசிக்கிட்டு, இருமிக்கிட்டு, இப்படி நடந்து வந்திருக்கக் கூடாதாலே.”

அப்புறம் ஓவென்று அழுதார். கூட்டாளியை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அழவில்லை. நான் தினமும் கட்டுப் போடுகிறவள். மருந்து வெடித்த அறையிலிருந்து யாரும் வெறும் கரியோடு நடந்து வருவதில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் போய் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் அடங்கிய பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “டிஸ்க்குல கீறலே இல்ல. நாங்க மருந்துக்குப் போறவங்க, இதப் பாக்கக் கூடாதுன்னு டிரைவரு தாண்டி விட்டிருக்காரு. தெனமும் எங்கள ஏத்திக்கிட்டுப் போகையில அவரு மனசுல இது இருந்திருக்கு.” சொல்லிவிட்டு டி.வி.யை அணைத்தார். மகள் போனில் அழுதுகொண்டிருந்தாள். தான்தான் அப்பாவை அழவைத்துவிட்டதாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். “நீ என்னத்தடி செஞ்ச, போய்ச் சாப்பிடு,” என்று அதட்டினேன். ஆபீஸில் அவள் வேறு ஏதோ படத்தைப் போட்டுச் சமாளித்துவிட்டாளாம்.

நல்ல படம்தான், ஹாலோவீனுக்கு நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். தாராளமாகப் பாருங்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும்.

மறுநாள் காலையில் நான் டூட்டிக்குக் கிளம்பித் தலைவாரிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. ஃபோர்மேன். இவர் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

“நான் வரலன்னு நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது.”

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். வந்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை, உட்காரத்தான் தோன்றியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அண்ணே, அவுக இனிமே வேலைக்கு வரமாட்டாக,” என்றேன்.

ஃபோர்மேன் மோசமான மனிதர் இல்லை. “சரிம்மா. அவரு எடத்துல நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க,” என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் தொடர்ந்தார்.

“பூஜை வேற நெருங்கிருச்சும்மா. கலவைக்கு ஆளில்லாம சீசன் ஆர்டரத் தொட முடியாது. கை நிதானமா, நம்பிக்கையா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க.”

“சரிண்ணே, சொல்றேன்,” என்றேன்.

என்ன சொன்னேன் என்று எனக்கு உறைப்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.