பதிமூன்று நாள் 'மேற்படி'

என் தம்பி கோல்மன் கெராட்டி பத்தொன்பது ஆண்டுகளாக அயர்லாந்தில் ரோஸ்காமன் பக்கம் எங்கள் ஊர்த் தண்ணீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறான். ஏரித் தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலந்து, பல் சொத்தை வராமலிருக்கச் சட்டப்படி ஃபுளோரைடும் சேர்த்துக் குழாயில் விடுவது அவன் வேலை. லிட்டருக்கு 0.8 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மீட்டர் காட்டுவதை அவன் அப்படியே எழுதமாட்டான். ஃபுளோரைடுப் பீப்பாய் தராசின் மேல் நிற்கிறது. அதில் அன்றைக்கு எவ்வளவு எடை குறைந்தது என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகே எழுதுவான். இப்படி ஒரு சந்தேகப் பேர்வழியை நான் கண்டதில்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

ஊருக்கோ அவன் மேலேயே சந்தேகம். ஃபுளோரைடு விஷம் என்று நம்பிக் குழாய்த் தண்ணீரை ஐந்து வருடமாகத் தொடாத பெர்னி டான்சி, தபால் நிலைய வாசலில் அவனை மறிப்பாள்.

"என்னப்பா விஷக்காரா, இன்னைக்கு எத்தனை சொட்டு?"

அவன் அன்றைய எண்ணைச் சொல்வான். அவள் நம்பமாட்டாள்.

போன மார்ச்சில் கால் பிசகி இரண்டு வாரம் வீட்டில் கிடந்தான். மாவட்ட அலுவலகம் மாற்று ஆளை அனுப்பியிருந்தது. கோல்மன் திரும்பிப் போய்ப் பதிவேட்டைத் திறந்தபோது, முதல் நாள் 0.7 என்றிருந்தது. அதன் கீழே பதிமூன்று நாளும் இரட்டைக் கோடு, அதாவது 'மேற்படி'. பீப்பாயின் எடையோ வழக்கமாகக் குறைவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு குறைந்திருந்தது. தண்ணீரைத் தன் கையால் சோதித்தான். 1.3. ஃபுளோரைடு விடும் பம்பை நிறுத்திவிட்டு, குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கும் எனக்கு ஃபோன் செய்தான்.

"அக்கா, எத்தனை கைக்குழந்தைக்கு நீ குழாய்த் தண்ணில பால்மாவு கலக்குற?"

"ஒன்பது. ஏன்டா?"

ஃபோனை வைத்ததும் மாவட்ட அலுவலகப் பொறியாளரைக் கூப்பிட்டான்.

பம்பைச் சரிசெய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கும்படி பொறியாளர் சொன்னார். ஊருக்குத் தெரியவேண்டும் என்று இவன் பிடிவாதம் பிடித்தான்.

"நீங்க சொன்னா நாளைக்கு ஒருத்தரும் குழாயைத் திறக்கமாட்டாங்க, கோல்மன். உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல" என்றார் அவர்.

அன்று மாலையே எடைக் கணக்கை எழுதித் தபால் நிலையக் கதவில் ஒட்டினான். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் மருத்துவர். ஆனாலும் கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனது. அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

பெர்னி நன்றி சொல்லவில்லை. "பதினாலு நாள் சரி. மீதிப் பத்தொன்பது வருஷம்?" என்று கேட்டாள்.

நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்றான். அன்றிலிருந்து திங்கள்தோறும் அவள் நிலையத்துக்குப் போய்த் தராசைப் படித்து, அவனுக்குக் காட்டாமல் தன் நோட்டில் எழுதுகிறாள். போன வாரம்தான் முதல்முறையாக இருவரும் நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஓர் எண்கூட மாறவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்றோமோ என்னவோ" என்றாள் பெர்னி.

கோல்மனுக்கும் அதே சந்தேகம். தராசைச் சோதிக்க வெளியாள் ஒருவரை அனுப்பும்படி அன்றே அலுவலகத்துக்கு எழுதினான்.