வராத குழாய்க்கு எழுதிய விதிகள்

எரிவாயுக் குழாய் போடவிருந்த நிறுவனம் ‘இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்’ என்று அறிவித்தபோது எங்கள் பிரிவில் மூன்று பேர் இருந்தோம். ஒஸ்லோவில் ஒரு சின்ன அரச அலுவலகம். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. குழாய் வந்தால் அதன் பாதுகாப்புக்கான விதிகளைத் தயாரிப்பது எங்கள் வேலை. திட்டத்தைக் கைவிடவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் பிரிவை மூட முடியாது. மற்ற இருவரும் வேறு பிரிவுக்கு மாறினார்கள்.

நோர்வேயில் விடைபெறுகிறவர்தான் கேக் கொண்டுவர வேண்டும், பிறந்தநாள் என்றாலும் அப்படித்தான். இருவரும் கொண்டுவந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் பிறந்தநாளுக்கு அவர்கள் கேக் வாங்குவார்கள் என்று நான் பின்னேரம்வரை பார்த்திருந்தேன். அவர்கள் என் கையைப் பார்த்திருந்தார்கள்.

1. அழைக்கும் ஒரே ஒருவர்

பிறகு நான் தனி. நகரின் ஓரத்தில் நான் குடியிருந்த ரொம்சோஸிலிருந்து ரயிலில் வந்து, அழுத்தச் சோதனை, வால்வு, கசிவு எச்சரிக்கை என்று வராத குழாய்க்கு விதி எழுதுவேன். வாசிக்க ஆளில்லை. சில நாட்கள் என் குரலே எனக்குக் கேட்காது.

கூனார் என்ற விவசாயி மட்டும் என்னைத் தொலைபேசியில் அழைப்பார். குழாய்ப் பாதை அவர் நிலத்தின் நடுவே வரையப்பட்டிருந்தது. அதனால் அங்கே வீடு கட்ட அவருடைய மகளுக்கு உள்ளூர்ச் சபை அனுமதி மறுத்துவிட்டது. அவர் பேசியது நோர்வேஜிய மொழி. என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழும்.

“சிவா, குழாய் வருதோ, இல்லையோ?”

“தெரியாது, கூனார்.”

“அப்ப ஆருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“வராத குழாய்க்கு இடமிருக்கு. பிள்ளையளோடை நிக்கிற என்ரை மகளுக்கு இடமில்லை.”

எனக்கு ஆத்திரம் வந்தது, அவர்மேல் அல்ல. எங்கள் வரைவில் குழாய் வந்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக இருந்தது. வராவிட்டால் என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

2. ஒரு பந்தி

குறித்த காலத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் நிறுவனத்தின் குழாய் அனுமதி காலாவதியாகும், நிலம் விடுபடும் என்று ஒரு பந்தி எழுதினேன். மேலதிகாரி பேரித் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“நல்ல பந்தி. ஆனா திட்டம் செத்தால் உம்மடை பிரிவும் போகும். யோசிச்சனீரோ?”

“ஓம், யோசிச்சனான்.”

“பேர்கன் கிளைக்குத்தான் அனுப்புவினம். அங்கை உமக்கு ஒருத்தரையும் தெரியாதே.”

“இஞ்சை மட்டும் ஆரைத் தெரியும்?”

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு கையெழுத்திட்டார். அமைச்சும் ஏற்றுக்கொண்டது. காலம் போனது, நிறுவனம் அசையவில்லை, அனுமதி காலாவதியானது. என் பிரிவும் மூடப்பட்டு, பேர்கனுக்கு மாற்றல் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு திட்டத்தை எப்படி நடத்துவது என்று எழுதுமுன், அதை எப்போது கைவிடுவது என்று எழுதுங்கள். அந்தப் பந்திக்காகத்தான் யாரோ காத்திருப்பார்கள்.

3. கடைசி நாள்

வழக்கப்படி கேக் வாங்கிக்கொண்டு போனேன். பேரித் வெளியூரில். மேல்மாடியில் இருந்தவர்களுக்கு என்னைச் சரியாகத் தெரியாது. கொண்டுபோய் நீட்டக் கூச்சமாக இருந்தது. கேக்கை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது.

“சிவா, மகள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிட்டாள்!”

“சந்தோசம், கூனார். எனக்கு இண்டைக்குத்தான் இஞ்சை கடைசி நாள்.”



“கேக் வாங்கினனீரோ?”

“வாங்கினனான்.”

“எனக்கும் ஒரு துண்டு வெட்டி வையும்.”

இரண்டு துண்டு வெட்டினேன்.