மூன்று குருவித் தோரணம்

அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, அலறினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், காலை பதினொரு மணி இருக்கும். அந்த அலறலுக்குக் காரணம் வாசலில் நான் கட்டியிருந்த தோரணம்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டிவனத்தில், கிளியனூர் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் குடியிருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நாலாம் வகுப்புப் படிக்கும் நான். கிறிஸ்துமஸ் வந்தால் அப்பா மொட்டை மாடியில் நட்சத்திரம் கட்டுவார், வாசலுக்குத் தோரணம் கட்டப் பந்தல்காரரைக் கூப்பிடுவார். அந்த வருஷம் குருத்தோலையை வாங்கிப் போட்ட அப்பா பந்தல்காரருக்குச் சொல்ல மறந்துவிட்டார். அவருக்கு வேறு கவலை. அத்தையைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வருகிறார்கள்.

மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. முதல் மனைவி இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவருடைய மூத்த பையன் என்னைவிடப் பெரியவன். லீவு அந்த ஒரு வாரம்தான் என்பதால் பார்த்த கையோடு பூ வைத்துவிட்டுப் போவது, ஜனவரியில் கல்யாணம் என்று எல்லாம் பேசியாகிவிட்டது. அத்தைக்கு இருபத்து மூன்று வயது. டீச்சர் டிரெயினிங் சேரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். முந்தின வாரம் அப்பாவுக்குச் சோறு போடும்போது, "எனக்கு இந்த எடம் வேணாம்ணா" என்றாள். "உன்னக் கேட்டுக்கினா செய்வாங்க? கொழம்ப ஊத்து" என்றார் அப்பா. அத்தை ஊற்றினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

பந்தல்காரர் வராதது எனக்கு நல்லதாகப் போயிற்று. எனக்கே தோரணம் கட்டத் தெரியும். குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கிற ஓலையில் சிலுவை மடிக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், அது ஒரு பெரிய விஷயமில்லை. நான் கற்றிருந்தது குருவித் தோரணம். ஓலையைக் கிழித்து மடித்துச் செருகினால் குருவிகள் வரிசையாகத் தொங்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு டீக்கடைக்காரரின் அம்மா இறந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் போயிருந்தோம். பெரியவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து ஓலை மடித்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு ஓலைக்கு மூன்று குருவி, தலை கீழே பார்த்தபடி. நாலாவது ஓலையிலேயே எனக்குக் கை வந்துவிட்டது. அவர்கூட என்னைக் கெட்டிக்காரி என்றார்.

அன்று காலை அப்பா விருந்தாளிகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அம்மா அடுப்படியில் பஜ்ஜி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, வாசல் நிலைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குருவிகளைக் கட்டினேன். நடுவில் ஒரு சாமந்தி மாலையையும் வளைத்துத் தொங்கவிட்டேன். இறங்கித் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அத்தை தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்தாள். வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் குடம் தளும்பிப் புடவை நனைந்தது, அவள் கவனிக்கவில்லை.

"யாரு பாப்பா கட்டனது?"

"நான்தான் அத்த."

"எங்க கத்துக்கினே?"

டீக்கடைக்காரர் வீட்டில் என்றேன். அத்தை என்னைப் பார்த்தாள், தோரணத்தைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஷோக்காகீது. அவுத்துடாத. வெளி கேட்டுலயும் ஒண்ணு கட்டு, தெருமொனைல வரும்போதே தெரியணும்" என்றாள். நான் குதித்துக்கொண்டு ஓடினேன்.

கேட்டில் கட்டி முடித்த சிறிது நேரத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு முன்னால் இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடியே வீட்டைத் தாண்டிப்போய், அப்புறம் ஏறினார். என் கைவேலைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு அம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தவர், வாயில் கையை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அதையும் பாராட்டுக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் தெருமுனையில் அப்பா தெரிந்தார். பின்னால் திரும்பித் திரும்பிச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, பழத்தட்டோடு ஒரு மாமா. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் நின்றார்.

"மாதாவே! இன்னாய்யா இது, எழவு வூட்டுக்கா எங்கள இட்டுக்கினு வந்தே?"

அப்பா திரும்பி வீட்டைப் பார்த்தார். கையிலிருந்த குடை கீழே விழுந்தது. அம்மாவின் பேரைச் சொல்லி அலறிக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று போக, என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். அம்மா ஜல்லிக்கரண்டியோடு எதிரே வந்தாள். அப்பா அவள் தோளை, கன்னத்தை, கையை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "எங்கள வுட்டுட்டுப் போய்ட்டியே" என்று மாரடித்துக்கொண்டு நுழைந்தார். போனது யார் என்று அவர்களுக்கும் தெரியாது. முதலில் கண்ணில் பட்ட அம்மாவையே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நான் வாசலில் விறைத்துப்போய் நின்றேன். யாரோ செத்துவிட்டார்கள், அது யார் என்று எனக்கு மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதைத் திருகினார். "நல்லதுக்குன்னா நாலு குருவிடீ, தல நிமுந்து நிக்கணும். மூணு குருவி, தல கவுந்துக்கினு, சாவுக்குக் கட்டறது!"

மாப்பிள்ளை கேட்டைத் தாண்டி வரவேயில்லை. தோரணத்தைப் பார்த்தபடி வெளுத்துப்போய் நின்றார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் வீட்டு வாசலிலும் அதுதானே தொங்கியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கூசுகிறது. அவருடைய அம்மா, "நாங்க வேதக்காரங்க, சகுனம் கிகுனம்லாம் பாக்கறதில்லீங்க. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்று சொல்லி, சகுனம் பார்க்காமலே அடுத்த விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். பழத்தட்டும் கூடவே போயிற்று.

அப்பா என்னை அதற்கு முன்பு அடித்ததில்லை. அன்று மிச்சமிருந்த ஓலை மட்டையாலேயே அடித்தார். "அத்ததான் கேட்டுலயும் கட்டச் சொன்னாங்க" என்று கத்தினேன். பொய் வேறு சொல்கிறாயா என்று இன்னும் இரண்டு விழுந்தது. பட்டுப்புடவையோடு உள்ளேயிருந்து வந்த அத்தை குறுக்கே நின்றுகொண்டாள். "வுட்ருண்ணா, பச்சப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்" என்றாள். நான் சொன்னதை இல்லை என்று அவள் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது. சாயங்காலம் அவள் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவ வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் தடவிக்கொண்டே இருந்தாள். என் முழங்காலில் கண்ணீர் விழுந்தது. கல்யாணம் நின்றுபோன துக்கம் என்று நினைத்து, கோபத்தை விட்டுவிட்டு நானும் சேர்ந்து அழுதேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து அப்புறம் தகவலே இல்லை. ஆடி மாதத்தில் அத்தை டிரெயினிங் சேர்ந்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவள், அப்பா பந்தல்காரருக்குச் சொல்லக் கிளம்பியபோது, "வேணாம்ணா, நாங்களே கட்டிக்கறோம்" என்றாள். இந்த முறை அப்பா சரி என்றார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓலையை எடுத்தாள். ஹாஸ்டல் சாப்பாட்டைக் கேலி பண்ணிப் பேசிக்கொண்டே, ஓலையைப் பார்க்காமலே மடித்துப் போட்டாள். ஒரு ஓலைக்கு நாலு குருவி, ஒவ்வொன்றும் தலை நிமிர்ந்து.

போன வருஷம் தெரியாத வேலையை இவ்வளவு வேகமாகச் செய்கிறாளே, டீச்சர் டிரெயினிங்கில் இதையும் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.